கிழக்குப் பகுதி காலி இல்லை

டேப்பக்கா என்றால்தான் அந்த இடுகாட்டில் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட, "அப்படி யாரும் ஞாபகம் இல்லையே, புதைச்சு எத்தனை நாளாச்சு?" என்று திருப்பிக் கேட்பார். நகராட்சியின் பொது இடுகாட்டில் இடம் அளந்து கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. முப்பது மீட்டர் அளவு நாடா தோளில் தொங்கும். கையில் நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி இருக்கும். தோண்டச் சொல்வதற்கு முன்னால் அதை மண்ணில் ஊன்றிப் பார்ப்பாள். யாரும் தொடாத மண் ஒரு சாணிலேயே முரண்டு பிடிக்கும். ஒருமுறை தோண்டி மூடிய மண்ணோ எத்தனை வருடமானாலும் விட்டுக் கொடுக்கும். கம்பி தானாக இறங்கும்.

இடுகாட்டுக்கு ஆப் வந்தபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் கிடையாது. அதுவரை வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், அழுவதற்கு முன்னால் மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும். இடத்துக்கு ஒரு சீட்டு, வண்டிக்கு ஒரு சீட்டு, சான்றிதழுக்கு ஒரு வரிசை. இனிமேல் எல்லாம் வீட்டிலிருந்தே போனில் முடிந்துவிடும். வரைபடத்தில் பச்சைக் கட்டம் என்றால் இடம் காலி, சிவப்பு என்றால் உள்ளே ஆள் உண்டு. அப்பாவின் கல்லறை எங்கே என்று வெயிலில் சுற்றி அலைபவர்களுக்கும் அது வழி காட்டும். இப்படி ஒன்று வேண்டும் என்று அவளே ஆறு முறை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"ஆப் வந்திருக்கா, ஆப்பு வந்திருக்கான்னு போகப் போகத்தான்க்கா தெரியும்" என்றார் குழிக்காரர். மூன்று ஆள் கனம் இருந்ததால் அவருக்கு ஒல்லி என்று பெயர் நிலைத்துவிட்டது.

அது தெரிவதற்கு மூன்று நாள்தான் ஆனது. திங்கட்கிழமை ஆப்பைத் திறந்து வைத்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கியது. இறந்தவர் ஒரு தையல்காரர். மகள் முன்னால் வந்து போனை நீட்டினாள். கிழக்குப் பகுதி, நூற்று நாற்பத்திரண்டு என்று அதில் பச்சையாக இருந்தது.

டேப்பக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

கிழக்குப் பகுதியில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்க வழியில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டது. நான்கு மாதத்தில் முந்நூற்றுப் பதினாறு பேரை அங்கே வரிசை வரிசையாக அடக்கம் செய்தார்கள். கல் வைக்க வசதியில்லாத வீடுகள்தான் அதிகம். ஆளுக்கொரு தகரத் தகட்டில் எண் எழுதிக் குச்சியில் அடித்து நட்டிருந்தார்கள். அந்த நான்கு மாதப் பதிவேடு, பதிவறைக் கூரைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்தபோது ஊறிக் கூழாகிவிட்டது. சென்ற மாதம் அளவெடுக்க வந்த நிறுவனத்தார், மேலே பறக்கும் கேமராவுக்கு மறைக்கிறது என்று புல்லை மழித்தார்கள். தகடுகளையும் பிடுங்கி மூட்டை கட்டினார்கள். கல் இல்லை, தகடு இல்லை, பதிவேடும் இல்லை. எழுத்தில் இல்லாத இடமெல்லாம் காலி என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது சொன்னபடி கேட்டது.

அவள் கம்பியோடு போய் நூற்று நாற்பத்திரண்டில் ஊன்றினாள். அது வழுக்கிக்கொண்டு முழங்கை அளவுக்கு இறங்கியது. பக்கத்திலும் அப்படியே. ஒல்லி மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

"தோண்ட வேணாம்" என்றாள்.

உடனே மேலதிகாரிக்குப் போன் செய்தாள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்வதால் அவரை நகராட்சி முழுக்கப் பார்க்கலாம் சார் என்றே அழைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் வேறு ஒன்று சொன்னார்.

"சிஸ்டம்ல காலின்னு இருக்கு இல்ல? அப்புறம் என்ன? ஆழமா தோண்டினா யாருக்குத் தெரியப்போவுது."

"எனக்குத் தெரியுமே சார்."

"புக் பண்ணினவங்களைக் காக்க வைக்காதீங்க. இடம் குடுங்க."

"குடுக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தையல்காரரின் மகள் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். "எங்க அப்பாவை இன்னொருத்தர் மேல வைக்கப் போறீங்களா?" என்றாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் டேப்பக்காவை உலுக்கியது.

"இல்லம்மா. வா என்கூட."

வாசலுக்கு நேராக, நிழலான முதல் வரிசையில் நாற்பது இடங்கள் இருந்தன. புல் நறுக்கி, சுற்றிலும் சங்கிலி கட்டிய இடங்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கென்று ஒதுக்கியவை. ஒரு பிணமும் இல்லாமலே ஆப்பில் நாற்பதும் சிவப்பு. ஆள் இருக்கும் இடம் பச்சையாம், ஆளே இல்லாத இடம் சிவப்பாம். அவள் சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டாள். முதல் இடத்தில் கம்பியை ஊன்றினாள். ஒரு சாணில் நின்றது.

"இது கன்னி மண். ஏழடிக்கு மூணடி. ஆரம்பிங்க" என்றாள் ஒல்லியிடம்.

"அக்கா, வேலை போயிடும்."

"உங்க வேலை போகாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தையல்காரரை மதியத்துக்குள் முதல் வரிசையில் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியின்றி ஒதுக்கீட்டு இடத்தைக் கொடுத்தது உண்மையா என்று அதில் கேட்டிருந்தார்கள். அவள் அங்கேயே பேனாவை எடுத்து, "உண்மை. நூற்று நாற்பத்திரண்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் இன்னொரு கடிதம். மறு உத்தரவு வரும்வரை அலுவலகத்துக்கு வரக்கூடாது.

அவள் கணவர் அதே நகராட்சியில் அமரர் ஊர்தி ஓட்டுபவர். பிணத்துக்குப் பயப்படாத மனிதர், பென்ஷன் போய்விடும் என்றால் நடுங்குவார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊர்ல இருக்கற பொணத்துக்கெல்லாம் நீதான் வக்கீலா?" என்றார்.

"அவங்களால வர முடியாது. வேற யாரு போறது?"

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"என்னன்னு எழுத? ஆள் மேல ஆளைப் போடாம விட்டதுக்கு மன்னிச்சிருங்கன்னா?"

அவர் எழுந்து போய்ப் பரண் மேல் எதையோ உருட்டினார். தூசி படிந்த நான்கு நோட்டுகளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அந்த வருடத்து ட்ரிப் நோட்டுகள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வீட்டிலிருந்து யாரை ஏற்றினார் என்று அவர் கையெழுத்தில் வரி வரியாக இருந்தது. வண்டியின் கணக்கைத் தணிக்கையில் கேட்பார்கள் என்ற பயத்தில் ஒரு தாளைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை.

"இது உனக்கு உதவுமா பாரு" என்றார். "நான் குடுத்தேன்னு சொல்லாத."

அவள் நோட்டைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நான்கு மாதமும் மதில் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு கட்டம் விடாமல், வந்த வரிசையிலேயே புதைத்தார்கள். வண்டி வந்த வரிசைதான் குழியின் வரிசை. முதல் வரியில் இருப்பவர் ஒன்றாம் எண். வேறு வண்டியில் வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அந்த இடைவெளிகளை, அவள் போன் செய்து வரவழைத்த ஒல்லி நினைவிலிருந்து சொன்னார். மழை பெய்த நாள், மண்வெட்டிக் காம்பு ஒடிந்த நாள் என்று அவருக்கு அடையாளங்கள் இருந்தன. மூவரும் சமையலறைத் தரையில் பெரிய தாளை விரித்து முந்நூற்றுப் பதினாறு கட்டம் போட்டார்கள். நூற்று நாற்பத்திரண்டில் விழுந்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை.

இனி ஆப்பை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று அவள் போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 'இங்கே உறங்குபவர்' என்று ஒரு பக்கம் இருந்தது. குடும்பத்தார் பெயரும் படமும் சேர்க்கலாம். தங்கள் போனுக்கு வரும் ஓடிபி எண்ணைப் போட்டால் அந்தக் கட்டம் மஞ்சளாகிவிடும். அதிகாரி நேரில் வந்து சரிபார்க்கும்வரை மஞ்சள் கட்டத்தை யாராலும் புக் செய்ய முடியாது. ஆப்பைச் செய்தவர்கள் அழகுக்கு வைத்த பக்கம் அது.

"பூட்டும் அவங்களுதுதான், சாவியும் அவங்களுதுதான்" என்றாள் கணவரிடம். "நம்ம திறக்கறோம், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை போனோடு இடுகாட்டுக்கு வரச் சொல்லி, வெள்ளியும் சனியும் வீடு வீடாகப் போனார்கள். முதல் வீட்டுக்குக் கணவர் ட்ரிப் முடிந்து திரும்பும் வழியில் ஊர்தியிலேயே கூட்டிப்போனார். அமரர் ஊர்தி வாசலில் நின்றதும் தெருவே கதவைத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்து, "நான் நல்லாத்தானே இருக்கேன், யாரு கூப்பிட்டது?" என்று கோபப்பட்டார். அதற்குப் பிறகு ஸ்கூட்டரில்தான் போனார்கள்.

சில வீடுகளில் ஆள் மாறியிருந்தார்கள். புது முகவரியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஓர் இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே உள்ளே போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெயின்டர் மட்டும், "என் தம்பி இருக்கற இடத்தைக் காலின்னா போட்டிருக்காங்க?" என்று கேட்டார். பிறகு அவரும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, அந்த வட்டாரம் முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குப் பகுதியில் ஒரு மடக்கு மேசை போட்டு டேப்பக்கா உட்கார்ந்தாள். சமையலறையில் கட்டம் போட்ட தாள் மேசை மேல் விரிந்திருந்தது. காவலாளி ஓடிவந்து, "அக்கா, உங்களை வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கே" என்று இழுத்தார்.

"ஆபீசுக்குத்தான் வரக்கூடாது. இடுகாட்டுக்கு வராதேன்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது. எல்லாரும் வந்துதான் ஆகணும்."

காவலாளிக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவரே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

ஒன்பது மணிக்கே வரிசை மதில்வரை நீண்டது. ஒவ்வொருவரையும் கட்டத்துக்கு அழைத்துப் போய் ஒல்லி காட்டினார். போனில் படம் ஏறியது. ஓடிபி வந்தது. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எண்ணைப் படித்துச் சொன்னார். பொத்தான் போன் வைத்திருந்த ஒருவர் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்து, "இதுல வராதா?" என்று கவலைப்பட்டார், அதிலும் வந்தது. ஒன்று, இரண்டு, பத்து என்று பச்சை குறைந்து மஞ்சள் பரவியது. ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

பதினொரு மணிக்குப் பார்க்கலாம் சார் வந்தார். அளவெடுத்த நிறுவனத்தின் ஆட்கள் இருவர் கூட வந்தார்கள்.

"என்ன கூட்டம் இது? யாரு அனுமதி குடுத்தது?"

"ஆப் குடுத்தது சார். குடும்பத்தார் பேர் சேர்க்கலாம்னு போட்டிருக்கு. சேர்க்கறாங்க."

"நீங்க சஸ்பென்ஷன்ல இருக்கீங்க."

"ஆமா. அதான் லீவு நாள் மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

நிறுவனத்து ஆள் ஒருவர் தணிந்த குரலில், "மேடம், டேட்டா இல்லாத இடத்தை நாங்க காலின்னுதான் எடுக்க முடியும்" என்றார்.

"உங்க மேல கோபம் இல்ல தம்பி. உங்ககிட்ட டேட்டா இல்லன்னா, தெரியலன்னு போடுங்க. தெரியாததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் இருக்கு."

அப்போது மேசைக்கு முன்னால் நின்றிருந்தது ஒரு சலவைக்காரப் பெண். அவள் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. எண் இருநூற்று ஏழு. பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் ஆப் நகர மறுத்தது.

"பேர் வைக்கலியேம்மா. அதுக்குள்ள போயிடுச்சே" என்றாள் அந்தப் பெண். பார்க்கலாம் சார் நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை. "இப்ப வைக்கலாமா?"

"நீ வைக்கறதுதான் பேரு. சொல்லு."

அவள் குனிந்து டேப்பக்காவின் காதில் சொன்னாள். ஒன்பது வருடமாக உள்ளுக்குள் வைத்திருந்த பெயர்போல, யோசிக்காமல் வந்தது. டேப்பக்கா எழுத்து எழுத்தாக அடித்தாள். இருநூற்று ஏழு மஞ்சளானது. அந்தப் பெண் போனை வாங்கி, திரையில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பார்க்கலாம் சார் தொண்டையைச் செருமினார். "சரி, இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

டேப்பக்கா எழுந்தாள். கம்பியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"இப்பவே பாருங்க சார். இந்தாங்க. எந்த இடம் காலின்னு நீங்களே குத்திக் காட்டுங்க. அதை நான் இப்பவே காலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு கீழே, தன் காலடியைப் பார்த்தார். தான் யார் மேலே நிற்கிறோம் என்ற யோசனை அப்போதுதான் வந்திருக்க வேண்டும். மெல்ல ஒரு அடி எடுத்துப் பின்னால் வைத்தார். அங்கேயும் ஒரு கட்டம். பாதைக்குப் போய்ச் சேர அவருக்கு நேரம் பிடித்தது. பெயின்டர் அவருக்கு ஒதுங்கி வழி விட்டார். யாரும் கத்தவில்லை, யாரும் வையவில்லை. கம்பி நீட்டியபடியே இருந்தது.

சாயங்காலத்துக்குள் இருநூற்று எண்பத்தொன்பது கட்டங்கள் மஞ்சளாயின. உரிமை கோர ஆளில்லாமல் மிஞ்சிய இருபத்தேழில், 'யாரோ ஒருவர்' என்று எழுதி, வரிசையில் நின்றவர்கள் தங்கள் போன் எண்ணைக் கொடுத்து ஏற்றுக்கொண்டார்கள். ஒல்லி மட்டும் ஐந்து பேரை எடுத்துக்கொண்டார். கிழக்குப் பகுதியில் ஒரு பச்சைகூட இல்லை.

அதற்கான பரிசு அடுத்த வாரமே வந்தது. சஸ்பென்ஷனை ரத்து செய்து, நாய் உரிமம் வழங்கும் கவுண்டருக்கு அவளை மாற்றினார்கள். "நல்லதாப் போச்சு" என்றார் கணவர். "நாய் யார்கூடவும் மல்லுக்கு நிக்காது." அவள் போய் உட்கார்ந்தாள். நாய்களுக்கு டோக்கன் எழுதினாள்.

ஆனால் ஆப் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் கட்டம் முப்பது நாளுக்கு மேல் சரிபார்க்கப்படாமல் கிடந்தால், மேல் அலுவலகத்துக்குத் தினமும் ஒரு நினைவூட்டல் போகும்படி செய்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் காலையில் முந்நூற்றுப் பதினாறு நினைவூட்டல்கள் போயின. மறுநாளும் போயின. சரிபார்க்க இரண்டு குமாஸ்தாக்களை அனுப்பினார்கள். அவர்களுக்கு எந்தக் கட்டம் எது என்றே தெரியவில்லை. ஒல்லியைக் கேட்டால், "எனக்கு மறதி சார், அக்காவைக் கேளுங்க" என்றார்.

நாற்பதாம் நாள் பார்க்கலாம் சார் நாய் உரிமக் கவுண்டருக்கே நேரில் வந்தார். முன்னால் நான்கு பேர் நாய்களோடு நின்றார்கள்.

"வரிசைல வாங்க சார்" என்றாள் டேப்பக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அவர் நின்றார். ஒரு நாய் அவர் செருப்பை மோந்து பார்த்தது. அவர் முறை வந்ததும், "நாளையிலிருந்து பழைய இடத்துக்கு வந்துடுங்க. விளக்கம் கேட்ட அந்த நோட்டீசையும் எடுத்துடலாம்" என்றார்.

"நோட்டீஸ் இருக்கட்டும். நான் செஞ்சதுதானே. நாளைக்கு அதே மாதிரி வந்தாலும் அதையேதான் செய்வேன். வேற மூணு விஷயம் எழுதிக் குடுங்க, வர்றேன்."

"என்ன?"

"பதிவேடு அழிஞ்சது நம்ம தப்பு, அதனால அங்க ஆள் இல்லன்னு ஆகாதுன்னு எழுதணும். இனிமே எந்த இடத்தையும் கம்பி ஊன்றிப் பார்க்காம பச்சையாக்கக் கூடாது. முதல் வரிசைச் சங்கிலியைத் திரும்பக் கட்டக் கூடாது. வர்றவங்க முறைப்படி அங்கயும் படுக்கட்டும்."

"மூணாவது என் கையில இல்ல. மேல பேசணும்."

"பேசுங்க. நான் இங்கயேதான் இருப்பேன். நாய் நிறைய இருக்கு."

இரண்டு நாள் கழித்து, கையெழுத்திட்ட தாளோடு வந்தார். அவள் நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் 'கிழக்குப் பகுதியின் உரிமை கோரப்படாத காலி இடங்கள்' என்று இருந்தது. 'காலி' என்ற சொல்லின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் அவரைச் சுருக்கொப்பமிடச் சொன்னாள். அவர் இட்டார். வரிசையில் மிச்சமிருந்த மூன்று நாய்களுக்கும் உரிமம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

சரிபார்க்கப் பதினோரு நாள் ஆயிற்று. கம்பியும் நாடாவுமாக அவள் முன்னால் நடந்தாள். குமாஸ்தாக்கள் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, உள்ளே இருப்பவரின் பெயரை அவள் சத்தமாகப் படிப்பாள். பிறகுதான் பொத்தானை அழுத்தச் சொல்வாள். பெயர் தெரியாத இடங்களில், "யாரோ ஒருவர்" என்று அதே சத்தத்தில் படித்தாள். நான்காம் நாள் குமாஸ்தாக்களில் இளையவர், "அக்கா, இவ்வளவு சத்தமா படிக்கணுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"ஒன்பது வருஷமா யாரும் படிக்கல" என்றாள். "அழுத்து."

கட்டம் சிவப்பானது. அவள் அடுத்ததற்கு நடந்தாள்.